அடைவு இருந்தும் அதை நாடாதது ஏன்?
1979 ஆம் ஆண்டு ஆய்வுரை ஒன்றைப் பற்றிய மதிப்பீடு

மேனிலைப் பள்ளி இயற்பியல் நூல் ஒன்றைக் கையில் எடுத்துக்கொள்வோம். அதில் 'பாகுநிலை' என்ற சொல் எங்கே வருகிறது என்று அறிய, நூலின் கடைசியில் உள்ள சொல்லடைவைப் பார்த்து, அங்கே குறித்துள்ள இரண்டு மூன்று பக்கங்களைப் புரட்டினால் போதும். ஆனால் 'விசை' என்ற சொல் வரும் இடங்களையெல்லாம் எடுத்தெழுதுமாறு ஆசிரியர் பணித்தால் என்ன செய்வோம்? சொல்லடைவில் 'விசை'க்கு எதிரே நூறு பக்க எண்களாவது நிற்கும். ஒவ்வோர் எண்ணுக்கும் பின்பக்கம் போய், எண்ணைப் பார்த்து, மீண்டும் முன்பக்கம் வந்து புரட்டுவதைவிட, முதல் பக்கத்தில் தொடங்கிக் கடைசிவரை ஓட்டமாகப் பார்த்து விடுவதே எளிது. பள்ளிச் சிறுவன்கூட இதைத்தான் செய்வான்.

கணிப்பொறி இதையே செய்தால் மட்டும் நாம் அதைக் குறை கூறுகிறோம். என்னிடம் இயற்பியல் பயின்று, பின்னர் மென்பொருள் துறைக்குச் சென்ற மாணவர் ஒருவர் அண்மையில் இப்படி ஒரு குறையோடு வந்தார். விற்பனைப் பதிவுகள் நிறைந்த தரவுத்தளம் ஒன்றில், ஒரு பொருள்வகையின் விற்பனைத் தொகையை மட்டும் கூட்டிக் காட்டுமாறு அவர் வினவல் எழுதியிருந்தார். பொருள்வகைக்கு அடைவும் அமைத்திருந்தார். துறையினர் இதனை இண்டெக்ஸ் என்பர். இருந்தும் தரவுத்தளம் அந்த அடைவைத் தொடவேயில்லை. அட்டவணை முழுவதையும் முதலிலிருந்து கடைசிவரை படித்தது. "அடைவு இருப்பது அதற்குத் தெரியவில்லையா, சார்?" என்பது அவர் கேள்வி. முழு வாசிப்பைத் தடைசெய்து, அடைவு வழியே போகுமாறு கட்டாயப்படுத்தியும் பார்த்தாராம். விடை வர முன்னைவிட அதிக நேரம் ஆயிற்று.

'அடைவு அமைத்தால் வேகம் கூடும்' என்று மட்டும் சொல்லிப் பாடநூல்கள் நிறுத்தி விடுவதன் விளைவு இது. எந்த நிலையில் கூடும், எந்த நிலையில் குறையும் என்பதற்குக் கணக்கு உண்டு. அதன் ஊற்றுக்கண்ணைத் தேடிச் சென்றால் 1979 இல் வெளிவந்த பன்னிரண்டு பக்க ஆய்வுரை ஒன்றில் போய் நிற்போம். இன்றைய தரவுத்தளங்கள் பலவும் அதன் வழிவந்தவையே. அதைப் படித்தபின் எனக்குத் தோன்றியது இது: அடைவைப் புறக்கணிக்கும்போது எந்திரம் பெரும்பாலும் சரியாகவே கணக்குப் போடுகிறது, அது தவறும் இடம், கணக்கைத் தொடங்குமுன் 'எத்தனை பதிவுகள் கிடைக்கும்?' என்று செய்யும் ஊகத்தில் இருக்கிறது. ஆய்வுரையின் பெருமை, குறை இரண்டையும் இந்த இடத்தில்தான் தேடவேண்டும்.

முதலில் சிறிது வரலாறு. 1970 இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஓசே ஆய்வகத்தைச் சேர்ந்த எட்கர் காட், தரவுகளை எளிய அட்டவணைகளாகக் கருதும் முறையை முன்வைத்தார். அதற்குமுன் நிரல் எழுதுபவர், எந்தப் பதிவிலிருந்து எந்தப் பதிவுக்குச் செல்வது என்ற வழியையும் தாமே எழுதவேண்டும். காட்டின் முறையிலோ 'எது வேண்டும்' என்று சொன்னால் போதும். அப்படியானால் வழியைத் தேர்வது யார்? அதே ஆய்வகத்தில் உருவான 'சிஸ்டம் ஆர்' என்னும் அமைப்பில் இப்பணிக்கென்றே தனிப் பகுதி ஒன்று அமைந்தது. ஆப்டிமைசர் எனப்படும் அதனை இக்கட்டுரையில் 'வழிதேர்வி' என்று அழைப்போம். பாட்ரீசியா செலிஞ்சர், மார்ட்டன் ஆஸ்ட்ரஹான், டொனால்ட் சேம்பர்லின், ரேமண்ட் லோரி, தாமஸ் பிரைஸ் ஆகிய ஐவரும் அதன் செயல்முறையை விளக்கி எழுதி, பாஸ்டன் மாநாட்டில் அளித்ததே அந்த ஆய்வுரை.

அவர்கள் கையாண்ட முறை இயற்பியல் மாணவருக்கு மிகவும் பழக்கமானது. இருக்கும் வழிகள் ஒவ்வொன்றுக்கும் செலவைக் கணக்கிட்டு, மிகக் குறைந்ததைத் தேர்வது. செலவு என்பது வட்டிலிருந்து எடுக்கவேண்டிய பக்கங்களின் எண்ணிக்கையும், கையாளவேண்டிய பதிவுகளின் எண்ணிக்கையை ஒரு மாறிலியால் பெருக்கி வருவதும் சேர்ந்த கூட்டுத்தொகை. இங்குப் 'பக்கம்' என்பது முக்கியம். வட்டிலிருந்து ஒரே ஒரு பதிவு வேண்டுமென்றாலும் அது இருக்கும் பக்கம் முழுவதையும் எடுத்துத்தான் ஆகவேண்டும். சிஸ்டம் ஆரில் ஒரு பக்கம் 4,096 பைட்டுகள். இன்று பரவலாக வழங்கும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் 8,192.

ஓர் எடுத்துக்காட்டைப் போட்டுப் பார்ப்போம். அட்டவணையில் 10 இலட்சம் பதிவுகள். ஒரு பக்கத்துக்கு 100 பதிவுகள். ஆகவே 10,000 பக்கங்கள். நமக்கு வேண்டிய பதிவுகள் 5 சதவீதம், அதாவது 50,000. அவை அட்டவணை முழுவதும் சிதறிக் கிடக்கின்றன எனக் கொள்வோம். நூற்றில் ஐந்துதானே வேண்டும், நூற்றில் ஐந்து பக்கங்களை எடுத்தால் போதாதா என்று தோன்றும். போதாது. ஒரு பக்கத்தைத் தொடாமல் விடவேண்டுமானால் அதிலுள்ள 100 பதிவுகளில் ஒன்றுகூட நமக்கு வேண்டியதாய் இருக்கக்கூடாது. ஒரு பதிவு வேண்டாததாய் இருக்கும் நிகழ்தகவு 0.95, நூறும் அவ்வாறிருக்கும் நிகழ்தகவு 0.95 இன் நூறாவது அடுக்கு, அதாவது சுமார் 0.006. (கதிரியக்கச் சிதைவில் ஓர் அணுக்கரு சிதையாமல் எஞ்சும் நிகழ்தகவைக் கணக்கிடும் அதே முறைதான்.) ஆக 10,000 பக்கங்களில் தப்பிப்பவை 59. ஏனைய 9,941 பக்கங்களையும் எடுத்தே தீரவேண்டும். அடைவைப் படிக்கும் செலவு வேறு. இந்த 59 பக்கங்களை மிச்சம் பிடிப்பதற்காக அடைவு வழியே போகவேண்டுமா?

வேண்டிய பதிவுகள் 1 சதவீதமாகக் குறைந்தால் தொடவேண்டிய பக்கங்கள் 6,340. 0.1 சதவீதம் என்றால் 952. இங்குதான் அடைவு தன் திறனைக் காட்டத் தொடங்குகிறது. இவ்வளவும் பதிவுகள் சிதறிக் கிடக்கும் அட்டவணைக்கே பொருந்தும். அடைவின் வரிசையிலேயே பதிவுகளும் அடுக்கப்பட்டிருந்தால் 5 சதவீதப் பதிவுகள் 500 பக்கங்களுக்குள் அடங்கிவிடும். அப்போது அடைவைப் புறக்கணிக்க யாருக்கும் காரணம் இல்லை.

இக்கணக்கை 1979 ஆய்வுரை எப்படிப் போட்டது? இங்கே எனக்கு ஒரு மனக்குறை உண்டு. சிதறிய பதிவுகளுக்கு அது இரண்டு வாய்பாடுகளைத் தருகிறது. ஒன்று, வேண்டிய ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு பக்கம் எடுக்கவேண்டும் என்பது. நம் எடுத்துக்காட்டில் 50,000. மற்றொன்று, எடுக்கவேண்டிய பக்கங்கள் இடைநினைவகத்தில் அடங்குமானால் பக்கங்களிலும் அதே விகிதம் போதும் என்பது. அதன்படி 500. ஒவ்வொரு பக்கத்தையும் ஒரே முறை எடுத்தால் உண்மை எண் 9,941 எனக் கண்டோம். ஒரு வாய்பாடு ஐந்து மடங்கு மிகுத்துக் காட்டுகிறது. மற்றது இருபது மடங்கு குறைத்துக் காட்டுகிறது. இடைநினைவகத்தின் அளவு ஒரு பக்கம் கூடினாலும் குறைந்தாலும் மதிப்பீடு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நூறு மடங்கு தாவும். இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் இப்படித் தாவும் கருவியை மாணவர் கொண்டுவந்தால் ஒப்பமாட்டோம். இத்தனைக்கும் மேலே நாம் போட்டது போன்ற நிகழ்தகவுக் கணக்கை அல்ஃபோன்சோ கார்டெனாஸ் 1975 இலேயே வெளியிட்டிருந்தார். ஆயினும் ஆசிரியர்களுக்காக ஒன்று சொல்லவேண்டும். அக்காலத்தில் நினைவகம் மிகச் சிறியது. எடுத்த பக்கத்தை மறுமுறை வேண்டும்போது அது அங்கே இராது, மீண்டும் வட்டுக்குத்தான் போகவேண்டும். அந்நிலையில் 50,000 என்பது அவ்வளவு மிகையன்று. நினைவகத்தின் அளவையும் சேர்த்து இரண்டுக்கும் நடுவே ஒழுங்கான வாய்பாடு ஒன்றை மேக்கெர்ட், லோமன் என்னும் இருவர் 1989 இல் தந்தனர். போஸ்ட்கிரெஸ் அதையே பயன்படுத்துகிறது.

எல்லாப் பக்கங்களுக்கும் செலவு ஒன்றா என்பது அடுத்த வினா. சுழல் வட்டில் அடுத்தடுத்த பக்கங்களைப் படிப்பது மலிவு. சிதறிய பக்கங்களைப் படிக்கவோ, ஒவ்வொன்றுக்கும் தலைமுனை நகரவேண்டும். பின் வட்டு சுழன்று அப்பக்கம் கீழே வரும்வரை காத்திருக்கவேண்டும். நிமிடத்துக்கு 7,200 சுற்றுகள் சுழலும் வட்டில் அரைச் சுற்றுக்கே 4.2 மில்லிவிநாடி ஆகும். விநாடிக்கு 100 மெகாபைட் வேகத்தில் தொடர்ச்சியாகப் படித்தால் 8,192 பைட் பக்கத்துக்கு 0.08 மில்லிவிநாடிதான். தலைமுனை நகரும் நேரத்தையும் சேர்த்தால் வேறுபாடு நூறு மடங்கைத் தாண்டும். ஆயினும் போஸ்ட்கிரெஸ் தானாக எடுத்துக்கொள்ளும் விகிதம் 4 மட்டுமே. பெரும்பாலான பக்கங்கள் ஏற்கெனவே நினைவகத்தில் இருக்கும் என்ற எதிர்பார்ப்பில் வைத்த எண் அது. அதன்படி நம் அட்டவணையில் பக்கங்களில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் தொடவேண்டி வந்தாலே முழு வாசிப்பு மலிவாகிவிடும். பதிவுகளின் கணக்கில் அது 0.3 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு! சுழலும் பகுதியே இல்லாத எஸ்.எஸ்.டி. சேமிப்பகத்துக்கு இவ்விகிதத்தை 1.1 என்று மாற்றினால் எல்லை சுமார் 2.4 சதவீதமாக உயர்கிறது. (பதிவுகளைக் கையாளும் செலவையும், சிதறிய பக்கங்களை முன்கூட்டி வரிசைப்படுத்தி எடுக்கும் உத்தியையும் ஈண்டு விட்டுவிட்டேன்.) புதிய சேமிப்பகத்தை வாங்கி வைத்துவிட்டு, பழைய சுழல் வட்டின் விகிதத்தையே விட்டுவைத்தால், அடைவு புறக்கணிக்கப்படுவதற்கு வழிதேர்வியை நோவது முறையா?

இதுவரை பார்த்ததெல்லாம் பதிவுகளின் எண்ணிக்கை தெரிந்தபின் போடும் கணக்கு. 5 சதவீதமா, 0.1 சதவீதமா என்பது வினவலை நடத்திப் பார்க்குமுன் எப்படித் தெரியும்? தெரியாது, ஊகிக்கவேண்டும். ஆய்வுரையின் உயிர்நிலை இப்பகுதிதான். ஒரு புலத்துக்கு அடைவு இருந்தால், அதில் எத்தனை வெவ்வேறு மதிப்புகள் உள்ளன என்பது தெரியும்; 20 மதிப்புகள் என்றால் ஒவ்வொன்றுக்கும் 1/20 பங்கு. அடைவு இல்லாவிட்டால் 1/10 என்று வைத்துக்கொள். 'இதைவிடப் பெரியது' என்ற நிபந்தனைக்கு, இடைக்கணிப்புச் செய்ய இயலாத நிலையில், 1/3. 'இதற்கும் அதற்கும் இடையில்' என்பதற்கு 1/4. இந்த எண்கள் எங்கிருந்து வந்தன? 1/3 என்ற எண்ணுக்குத் தனிச் சிறப்பு ஏதுமில்லை, பாதிக்குக் குறைவாக இருக்கட்டும் என்றே வைத்தோம் என்று ஆசிரியர்களே வெளிப்படையாக எழுதிவிடுகின்றனர். இந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் ஊகத்துக்கும் ஓர் ஆயுள் இருக்கவேண்டாமா? 'விலையில் தள்ளுபடி போக 100 ரூபாய்க்கு மேல்' என்று இரண்டு புலங்களைக் கழித்து ஒரு வினவல் எழுதினால், வேறு புள்ளிவிவரம் இல்லாதபோது, இன்றைய போஸ்ட்கிரெஸும் மூன்றில் ஒரு பங்கு என்றே ஊகிக்கிறது. மூலநிரலில் அவ்வெண் பதினாறு தசம இடங்களுக்கு எழுதப்பட்டிருப்பதைக் கண்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஊகித்த எண்ணுக்கு இத்தனை தசம இடங்களை மாணவர் எழுதினால் நான் மதிப்பெண் குறைப்பேன்.

இதில் இன்னொரு நுட்பம் ஒளிந்திருக்கிறது. சிஸ்டம் ஆரில் அடைவு வழியாகப் போகாவிட்டாலும் அடைவு இருப்பதே அறிவைத் தருகிறது. 1/10 என்ற குருட்டு எண்ணுக்குப் பதில் எண்ணிப் பார்த்த எண் கிடைக்கிறது. போஸ்ட்கிரெஸிலும் அவ்வாறே. மேற்சொன்ன கழித்தல் கோவைக்கு அடைவு அமைத்துப் புள்ளிவிவரத்தைப் புதுப்பித்தால், அக்கோவையின் மதிப்புகள் எப்படிப் பரவியுள்ளன என்பதையும் அது சேகரித்துக்கொள்ளும். 2021 இல் வந்த 14 ஆம் பதிப்பு முதல் அடைவு இல்லாமலேயே இதைச் செய்யலாம். நடக்கப் பயன்படாத பாதை, நிலப்படம் வரையப் பயன்படுவது போன்றது இது. புறக்கணிக்கப்பட்டதாக நாம் எண்ணும் அடைவு, புறக்கணிக்கும் முடிவை எடுக்கவே உதவியிருக்கக்கூடும்.

மற்றோர் எடுகோள் இவற்றினும் ஆபத்தானது. இரண்டு நிபந்தனைகள் சேர்ந்து வந்தால் இரண்டு விகிதங்களையும் பெருக்கு என்கிறது ஆய்வுரை. புலங்கள் ஒன்றையொன்று சாராதவை என்ற எடுகோள் இதில் அடங்கியிருப்பதையும் அது மறைக்கவில்லை. அந்த ஆய்வகம் இருந்த ஊரையே எடுத்துக்கொண்டு சோதிப்போம். அமெரிக்க மக்களுள் 10 இலட்சம் பேரைக் குருட்டுவாக்கில் தேர்ந்து முகவரிப் பட்டியல் ஒன்று செய்வதாகக் கொள்வோம். 2020 மக்கள்தொகைக் கணக்கின்படி கலிபோர்னியா மாநிலத்தவர் நாட்டில் ஏறத்தாழ 11.9 சதவீதம், சாண்டா கிளாரா கவுண்டியினர் 0.58 சதவீதம், சான் ஓசே நகரத்தவர் 0.31 சதவீதம். நகரம் சான் ஓசே, மாநிலம் கலிபோர்னியா என்று கேட்டால் உண்மையில் கிடைப்பவை ஏறத்தாழ 3,050 பதிவுகள். பெருக்கல் முறை சொல்வது சுமார் 365. சாண்டா கிளாரா கவுண்டி என்ற மூன்றாம் நிபந்தனையையும் சேர்ப்போம். சான் ஓசே அந்தக் கவுண்டிக்குள்தான் இருக்கிறது என்பதால் விடை மாறாது; அதே 3,050. வழிதேர்வியோ 2 பதிவுகள் வரும் என்று எதிர்பார்க்கும்! ஒவ்வொரு புலத்தின் பரவலையும் பிழையின்றி அறிந்திருந்தும் ஆயிரத்தைந்நூறு மடங்கு பிழை.

இப்பிழையின் திசையைக் கவனிக்கவேண்டும். எதிர்பார்ப்பு குறைந்தால் அடைவு வழி மலிவாகத் தோன்றும். ஆகவே இந்த எடுகோளால் வழிதேர்வி அடைவைப் புறக்கணிப்பதைவிட, வேண்டாத இடத்தில் அடைவைப் பிடித்துக்கொண்டு அலைவதே மிகுதி. இரண்டு பதிவுகள்தாமே என்று எண்ணி, ஒவ்வொன்றுக்கும் மற்றோர் அட்டவணையின் அடைவில் புகுந்து தேடத் தொடங்கும். இருமுறை என்று நினைத்தது மூவாயிரம் முறை நடக்கும். அட்டவணைகள் பல இணையும் வினவல்களில் இத்தகைய பிழை, இணைப்புகளின் எண்ணிக்கைக்கேற்ப அடுக்குக்குறி முறையில் பெருகக்கூடும் என்று அயோனிடிஸ், கிறிஸ்டோடூலாகிஸ் இருவரும் 1991 இல் காட்டினர். 2015 இல் ம்யூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த விக்டர் லைஸும் அவருடன் பணியாற்றியோரும் உண்மையான திரைப்படத் தரவுகளைக் கொண்டு 113 வினவல்களால் ஐந்து தரவுத்தளங்களைச் சோதித்தனர். செலவு வாய்பாட்டில் உள்ள பிழை சிறிது. எண்ணிக்கை ஊகத்தில் உள்ள பிழையே பெரிது என்பது அவர்கள் கண்டது. வேறொன்றும் கண்டனர்: அடைவுகளைக் கூட்டினால் பொதுவாக வேகம் கூடுகிறது, ஆனால் வழிதேர்வி தேர்ந்த வழிக்கும் இருந்தவற்றுள் மிகச் சிறந்த வழிக்கும் இடையே உள்ள தொலைவும் கூடுகிறது. வழிகள் பெருகப் பெருக, ஊகப் பிழை வழிதவறச் செய்யும் வாய்ப்புகளும் பெருகுகின்றன. 'அடைவைப் புறக்கணிக்கிறது' என்ற முறையீடு நம் காதில் அடிக்கடி விழுவதற்கு, அடைவு இல்லாவிட்டால்தான் தாமதம் என்று நாம் முன்பே முடிவு செய்துவிட்டதும் ஒரு காரணம். அடைவு வழியே போய்த் தாமதமானால் அதை யாரும் ஐயுறுவதில்லை.

அடைவைப் பயன்படுத்தவே முடியாதபடி வினவலை எழுதிவிட்டு நொந்துகொள்வதும் உண்டு. பெயருக்கு அடைவு அமைத்துவிட்டு, பெயரை ஒரு சார்பினால் மாற்றி அதைத் தேடுவது, சொல்லின் இறுதி எழுத்தைக் கொடுத்துத் தேடுவது போன்றவை. அகராதியில் 'ம்' என்று முடியும் சொற்களைத் தேடுவதற்கு ஒப்பாகும் இது. இதைப் புறக்கணிப்பு என்று சொல்வது பொருந்தாது.

மாணவரின் வினவலுக்கு மீண்டும் வருவோம். அத்தரவுத்தளமும் போஸ்ட்கிரெஸே. அதில் வினவலை உண்மையாகவே நடத்தி, ஊகித்த பதிவுகளின் எண்ணிக்கையையும் கிடைத்த எண்ணிக்கையையும் அடுத்தடுத்துக் காட்டச் செய்யும் கட்டளை ஒன்று உண்டு. அதை இட்டுப் பார்க்கச் சொன்னேன். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. அவர் கேட்ட பொருள்வகை மொத்தப் பதிவுகளில் 8 சதவீதம். ஒரு பக்கத்துக்கு 100 பதிவுகள் என்றால் பத்தாயிரம் பக்கங்களில் தப்பிப்பவை இரண்டோ மூன்றோதான். வழிதேர்வியின் ஊகமும் சரி, முடிவும் சரி. அவருக்கு வேண்டியது பொருள்வகையும் தொகையும் மட்டுமே. ஆகையால் இரண்டையும் சேர்த்து ஓர் அடைவு அமைக்கலாமே என்றேன். 2012 இல் வந்த 9.2 ஆம் பதிப்பு முதல், வேண்டியவை எல்லாம் அடைவிலேயே இருந்தால், அதிகம் மாறாத பதிவுகளுக்கு அட்டவணையைத் தொடாமலே விடை காணும் வசதி அதில் இருக்கிறது. ஒரு வாரம் கழித்துத் தொலைபேசியில் அழைத்தார். தடையை நீக்கிவிட்டுப் புதிய அடைவை அமைத்தாராம். இம்முறை யாரும் கட்டாயப்படுத்தாமலே வழிதேர்வி அடைவு வழியே சென்றிருக்கிறது.